நொடிக்கு எத்தனை படம்: கண்காணிப்புக் கேமராவின் பிரேம் வேகம் உருவான வரலாறு

திரையில் அசைவதாகத் தோன்றும் எந்தக் காட்சியும் அசையாத படங்களின் வரிசையே. அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். ஒரு நொடிக்குள் எத்தனை பிரேம்கள் பதிவாகின்றன என்பதே பிரேம் வேகம். சினிமாவுக்கு 24, இந்தியத் தொலைக்காட்சிக்கு 25 என்று இந்த எண் எப்போதோ முடிவாகிவிட்டது. கண்காணிப்புக் கேமராவுக்கு மட்டும் அப்படி ஒரு பொது முடிவு ஏற்படவே இல்லை. இன்றும் ஒரு கடையிலோ பள்ளியிலோ கேமரா மாட்ட வருபவர் பெரும்பாலும் யாரையும் கேட்காமல் ஓர் எண்ணைத் தேர்ந்து வைத்துவிட்டுப் போகிறார். உரிமையாளருக்கு அப்படி ஒரு தேர்வு நடந்ததே தெரிவதில்லை. இரண்டு பிரேம்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் நடப்பது பதிவில் இருக்காது என்பதால், எவ்வளவு நேரத்தைப் பார்க்காமல் விடலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் இந்தத் தேர்வு. அந்த ஒப்புதலை யார், எதை மனத்தில் வைத்து அளித்தார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தால், காட்சியின் வேகத்தைவிடப் பதிவுச் சாதனத்தின் கொள்ளளவே பல காலம் அதை நிர்ணயித்து வந்தது தெரிகிறது.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஜெர்மனியின் பீனமுண்டே ஏவுதளத்தில் 1942ஆம் ஆண்டு பொறியாளர் வால்டர் புரூக் அமைத்த மூடிய சுற்றுத் தொலைக்காட்சி, வி-2 ராக்கெட்டு கிளம்புவதைப் பாதுகாப்பான தொலைவில் இருந்து பார்ப்பதற்காக ஏற்பட்டது. மூடிய சுற்று என்றால், வானொலி அலையில் ஊருக்கெல்லாம் பரப்பப்படாமல், கேமராவில் இருந்து குறிப்பிட்ட திரைக்கு மட்டும் கம்பி வழியே படம் போகும் ஏற்பாடு. சிசிடிவி என்ற பெயரின் பொருளும் அதுவே. அங்கே படம் எதிலும் பதிவாகவில்லை. வந்த படம் அந்தக் கணமே மறைந்துபோயிற்று. எனவே நொடிக்கு எத்தனை படம் வந்தாலும் சேமிப்புக்கு ஒரு செலவும் இல்லை. பிரேமை எண்ணிப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய நிலை, பார்த்ததை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பிறந்த பிறகே வந்தது.

இதே புரூக் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியதுதான் பால் எனப்படும் வண்ணத் தொலைக்காட்சி முறை. இந்தியாவில் தூர்தர்ஷன் 1982இல் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் அதைத்தான். பிரேமின் எண்ணிக்கை அதற்கும் முன்பே நிலைபெற்றிருந்தது. 1936இல் பிபிசி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பிரிட்டனின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதாக இருந்ததால், படத்தையும் அதற்கு இசைவாக 50 அரைப்படங்களாகப் பிரித்தார்கள். ஒற்றைப்படை வரிகள் கொண்ட அரைப்படம் முதலிலும், இரட்டைப்படை வரிகள் கொண்ட அரைப்படம் அடுத்தும் வரும். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுப் பிரேம், ஆக நொடிக்கு 25. மின்சாரம் 60 சுழற்சி கொண்ட அமெரிக்காவில் அதுவே 30 ஆயிற்று. சினிமாவின் 24க்குக் காரணம் வேறு: பேசாத படங்களின் காலத்தில் ஆளுக்கு ஒரு வேகத்தில் ஓடிய சுருள், 1920களின் பிற்பகுதியில் ஒலியோடு இணைந்தபோது, குரல் சிதையாமல் இருக்க ஒரே வேகத்தில் ஓடவேண்டியதாயிற்று. சந்தேகத்துக்குரிய ஒரு செயலை அடையாளம் காண 24ஓ 25ஓ 30ஓ வேண்டும் என்று இவற்றில் எதையும் யாரும் கணக்கிட்டு வைக்கவில்லை. கண்காணிப்புத் தொழில் அந்த எண்களைச் சொந்தச் சொத்துபோல் எடுத்துக்கொண்டு, முழு வேகம் என்றும் நேரடி வேகம் என்றும் பெயரிட்டு, அதிலிருந்து எவ்வளவு குறைக்கலாம் என்றே பிறகு யோசிக்கத் தொடங்கியது.

குறைப்பதற்கான முதல் நியாயமான கணக்கைப் போட்டவர்கள் வங்கித் துறையினர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1957ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு சேமிப்பு நிறுவனத்தில் நடந்த கொள்ளை, மறைத்துவைத்த சினிமா கேமராவில் பதிவாயிற்று. அந்தப் படம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டதும் குற்றவாளிகள் பிடிபட்டார்கள். ஆனால் சினிமா வேகத்தில் ஓடும் சுருள் விரைவில் தீர்ந்துவிடும். 16 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 40 பிரேம். நூறடிச் சுருளில் 4,000. நொடிக்கு 24 என்று ஓடவிட்டால் மூன்று நிமிடம்கூட நிற்காது. அதே சுருளில் இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாங்கும்.

அந்த இரண்டு நொடி வெறும் கற்பனை எண் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 1968இல் வங்கிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய பின், கண்காணிப்புச் சாதனங்களுக்குக் குறைந்தபட்சத் தரங்கள் வகுக்கப்பட்டன. இரண்டு நொடிக்கு ஒரு படமாவது எடுக்கக்கூடியதாகச் சாதனம் இருக்க வேண்டும். சுருள் பயன்படுத்தினால் அது 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எந்த நேரமும் மூன்று நிமிடம் ஓடுவதற்குப் போதுமான அளவு பயன்படுத்தப்படாமல் இருக்க வேண்டும். எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் ஆளின் தலை ஓர் அங்குல உயரம் வரும் அளவுக்குத் தெளிவு வேண்டும் என்று அந்தத் தரங்கள் கூறின. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் அவற்றை எழுதியவர்களின் சிந்தனை விளங்கும். கொள்ளைக்காரர் காசாளரின் முன் நின்றே ஆக வேண்டும். நிற்கும் நேரம் சில பத்து நொடிகளாவது இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்தாலும் பத்துப் பதினைந்து படங்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றில் முகம் நேராக விழுந்தால் போதும். எந்தச் செயல், எவ்வளவு நேரம், என்ன தெரிய வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு எண்ணுக்கு வந்த இந்த முறை, பின்னால் வந்த மின்னணுக் காலத்தில் கைவிடப்பட்டது வருந்தத்தக்கது.

வீடியோ நாடா 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் கருவியோடு வந்தது என்றாலும், இரண்டு அங்குல அகல நாடாவும் அலமாரி அளவு எந்திரமும் தொலைக்காட்சி நிலையங்களுக்கே கட்டுபடியாயின. கடைக்கும் கிடங்குக்கும் பதிவு வசதியைக் கொண்டுசேர்த்தது, ஜப்பானின் ஜேவிசி 1976இல் வெளியிட்ட விஎச்எஸ் கேசட். வீட்டில் திரைப்படம் பார்க்க மூன்று மணி நேரம் ஏராளம். காவலுக்கோ ஒரு நாளில் எட்டுக் கேசட் வேண்டும். நள்ளிரவில் எழுந்து கேசட் மாற்றவும் ஓர் ஆள் வேண்டும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே டைம்லாப்ஸ் ரெக்கார்டர். நாடாவை மிக மெதுவாக நகர்த்தி, வரும் அரைப்படங்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு, இடையிடையே ஒன்றை மட்டும் பதிந்துகொள்வது இதன் செயல்முறை. முன்புறத்தில் 24, 72, 168 என்று மணிக்கணக்கில் பொத்தான்கள் இருந்தன. சில எந்திரங்கள் 960 மணி, அதாவது நாற்பது நாள் வரை ஒரே கேசட்டில் ஓடின.

அந்தப் பொத்தான்களில் நொடிக்கு எத்தனை படம் என்று எழுதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கியவர் தேர்ந்தது காலத்தை. பிரேம் வேகம் அதன் பின்விளைவாகத் தானே அமைந்தது. நொடிக்கு 50 அரைப்படம் வரும் நாடுகளில், மூன்று மணி நேரக் கேசட்டை 24 மணிக்கு நீட்டினால் நொடிக்கு ஆறேகால் அரைப்படம் மிஞ்சும். 72 மணிக்கு நீட்டினால் இரண்டு. 960 மணிக்கு நீட்டினால் ஆறு நொடிக்கும் மேலான இடைவெளியில் ஒன்று. பதிவானவை அரைப்படங்கள் என்பதால் மேலிருந்து கீழான தெளிவிலும் பாதி போயிற்று.

அடுத்து வந்த மல்டிபிளெக்சர் நிலைமையை இன்னும் இறுக்கியது. பல கேமராக்களின் படங்களை மாற்றி மாற்றி ஒரே நாடாவில் பதிந்து, பார்க்கும்போது கேமரா வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. பதினாறு கேமராக்களை ஒரு மல்டிபிளெக்சரில் இணைத்து, ரெக்கார்டரை 24 மணியில் வைத்தால், ஒவ்வொரு கேமராவுக்கும் இரண்டரை நொடிக்கு ஒருமுறையே முறை வரும். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் கடக்கிறார். இரண்டரை நொடியில் மூன்றரை மீட்டர். சிறிய கடையின் வாசலைப் பார்க்கும் கேமராவின் பார்வைப் பரப்பே அவ்வளவுதான் இருக்கும். ஒருவர் உள்ளே நுழைவதற்கு முன் ஒரு படம், அவர் கடந்துபோன பின் ஒரு படம் என்று பதிவாகி, நுழைந்தவரே பதிவில் இல்லாமல் போவது இந்தக் கணக்கின்படி முழுதும் இயல்பு. கேமரா பழுதாகவில்லை, நாடா அறுந்துபோகவில்லை. அமைத்தபடியே எல்லாம் சரியாக வேலை செய்தும் ஆள் தவறிப்போனார். இதை உணர்ந்த தயாரிப்பாளர்கள், அபாயப் பொத்தானை அழுத்தினாலோ கதவு உடைபட்டாலோ ரெக்கார்டர் தானாக மூன்று மணி வேகத்துக்குத் தாவும் வசதியைச் சேர்த்தார்கள். அபாயம் என்று யாருக்காவது தெரிந்த பிறகே அது பயன்பட்டது. சந்தடியில்லாமல் பொருளை எடுத்துப் பையில் போடுபவருக்கு அபாய மணி அடிப்பதில்லை.

கணினி வழியாகப் படம் அனுப்பும் முயற்சிகள் இதே சமயத்தில் எளிய இடங்களில் தொடங்கின. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் 1991இல், டிரோஜன் அறை என்ற கூடத்தில் இருந்த காபிப் பாத்திரத்தை நோக்கி ஒரு கேமராவை வைத்தார்கள். மற்ற மாடிகளில் இருப்பவர்கள் இறங்கி வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாறாமல் இருப்பதற்கு. 128க்கு 128 புள்ளிகள் கொண்ட அந்தச் சாம்பல் நிறப் படம் நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறையே புதுப்பிக்கப்பட்டது. காபி சொட்டுச் சொட்டாக இறங்கும் வேகத்துக்கு அது தாராளமாகப் போதும். வங்கி விதிகளுக்குப் பின், பார்க்க வேண்டிய பொருளின் வேகத்தில் இருந்து பிரேம் வேகத்தைத் தீர்மானித்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காண்பது அரிது. 1993இல் இணையத்தில் ஏறி உலகப் புகழ் பெற்ற அந்தக் கேமரா 2001 ஆகஸ்டில் அணைக்கப்பட்டது. சுவீடனின் லுண்டு நகரத்து ஆக்சிஸ் நிறுவனம் 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் நெட்வொர்க் கேமராவும் சிறிய அளவுப் படத்தை நொடிக்கு ஒன்று என்ற வேகத்திலும், பெரிய படத்தை 17 நொடிக்கு ஒன்று என்ற வேகத்திலும்தான் அனுப்பியது. கண்காணிப்புக்கு அது உதவாது என்று அன்றைய தொழில்துறையினர் ஒதுக்கியதில் வியப்பில்லை.

நொடிக்கு ஒரு படம் என்ற வேகத்தின் எல்லை உலகத்துக்கே தெரியவந்தது 2001 செப்டம்பர் 11 அன்று. கடத்தப்பட்ட போயிங் 757 விமானம் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனில் மோதியதை, கட்டடத்தின் வாகன நுழைவாயில் அருகே இருந்த கேமராக்கள் பதிவு செய்தன. அந்த ஏற்பாடு நொடிக்கு ஏறத்தாழ ஒரு பிரேம் எடுத்தது. தடுப்புக் கம்பத்தின் முன் வந்து நிற்கும் காரையும் அதன் ஓட்டுநரையும் பதிவதற்கு அந்த வேகம் போதுமானது. அதற்காகத்தான் கேமராவும் அங்கே வைக்கப்பட்டிருந்தது. மோதும்போது விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 237 மீட்டர். விமானத்தின் நீளம் 47 மீட்டர். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவில் அது தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு தூரத்தைக் கடந்துவிடும். எனவே ஒரு படத்தில் ஓரமாக மங்கலான வெண்ணிறத் தீற்றல், அடுத்த படத்தில் நெருப்புப் பிழம்பு. நடுவில் ஒன்றும் இல்லை. 2002இல் அதிலிருந்து ஐந்து படங்கள் வெளிவந்தன; 2006 மே மாதம் முழுப் பதிவும் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்டது. விமானமே வரவில்லை என்று வாதிட்டவர்கள் அந்த வெற்றிடத்தையே ஆதாரமாகக் காட்டினார்கள். கண்கூடாகப் பார்த்தவர்கள், சிதைந்த பாகங்கள், இறந்தோரின் உடல் அடையாளங்கள் என்று எத்தனையோ சான்றுகள் இருந்தும், பதிவில் இல்லாததை நடக்காததாகக் கொள்ளும் பழக்கம் எவ்வளவு வலுவாக வேரூன்றியிருக்கிறது என்பதை அந்த விவாதம் காட்டியது. நொடிக்கு 25 பிரேம் எடுத்திருந்தால்கூட, ஒன்பதரை மீட்டருக்கு ஒரு படமாக, பார்வைப் பரப்புக்குள் சில படங்களே கிடைத்திருக்கும். ஆனால் அந்தச் சிலவே வாதத்தின் பெரும்பகுதியை முடித்துவைத்திருக்கும்.

இதற்கு மறுகோடியில் நிற்பது சூதாட்டக் கூடம். சீட்டு மேசையில் நடக்கும் மோசடி கால் நொடியில் முடிந்துவிடுகிறது. ஆட்டத்தின் முடிவு தெரிந்த பிறகு, பந்தயமாக வைத்த வில்லைகளின் மேல் இன்னும் ஒன்றைச் சொருகுவது, உள்ளங்கையில் மறைத்த சீட்டை மாற்றுவது, பணியாளரே ஒரு வில்லையைச் சட்டைக்குள் நழுவவிடுவது ஆகிய எல்லாமே விரலளவு அசைவுகள். பணம் கைமாறும் இடம் என்பதால் இங்கே சேமிப்புச் செலவைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை. நெவாடா மாநிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தரங்கள் மேசைகளுக்கு நொடிக்கு 30 படம் கேட்கின்றன. அமெரிக்கப் பழங்குடியினர் நடத்தும் கூடங்களுக்கான ஒன்றிய அரசின் விதிகள், போதுமான தெளிவு என்பதற்கே நொடிக்கு 20 பிரேமுக்குக் குறையாத பதிவு என்று இலக்கணம் வகுக்கின்றன. தெருவில் நடக்கும் மனிதரின் பாதுகாப்புக்குக் கிடைக்காத எண், மேசைமேல் இருக்கும் வில்லைக்கு முதலில் கிடைத்தது.

ஹார்ட் டிஸ்க்கில் பதியும் டிவிஆர் கருவிகள் 2000களில் பரவியபோது நாடாவின் கட்டுப்பாடு ஒழிந்தது. நாடாக் காலத்துப் பழக்கம் ஒழியவில்லை. இடம் போதாது என்ற அச்சத்தில் நொடிக்கு மூன்று, ஐந்து என்று வைப்பது தொடர்ந்தது. தொடக்கத்தில் அதற்குக் காரணமும் இருந்தது: ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமாகச் சுருக்கிவைத்த பழைய முறையில், பிரேம் இரட்டித்தால் இடமும் இரட்டித்தது. 2003இல் எச்.264 என்ற சுருக்க முறை வந்த பின் கணக்கு மாறிற்று. அது ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த பிரேம்களில் மாறிய பகுதியை மட்டும் எழுதுகிறது. பிரேம்கள் நெருங்க நெருங்க மாற்றமும் குறைவு. ஆகவே 12ஐ 25 ஆக்கினாலும் இடம் இரு மடங்கு ஆவதில்லை. யாரும் நடமாடாத இரவு நேர நடைகூடத்தில் அந்தக் கூடுதல் மிகச் சொற்பம்.

பிரேம் வேகத்தைக் கூட்டினால் படம் கூர்மையாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அது தவறு. கூர்மை, ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்ற ஷட்டர் நேரத்தைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் கார், ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி திறந்திருந்தால் அதற்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம்பர் பிளேட் வெறும் கோடாக இழுபடும். ஆயிரத்தில் ஒரு நொடி என்றால் நகர்வு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அப்போது நொடிக்கு ஆறேழு பிரேம் இருந்தாலும் எண்ணை வாசித்துவிடலாம். இருட்டில் பல கேமராக்கள் ஒளி போதாமல் ஷட்டரைத் தாமாகவே நீட்டிக்கொள்வதால், அமைப்பில் 25 என்று இருந்தாலும் நள்ளிரவில் உண்மையாகக் கிடைப்பது அதில் பாதியாக இருக்கலாம். பிரிட்டனின் உள்துறை அறிவியல் பிரிவு உருவாக்கிய ரோட்டாகின் என்ற மனித உருவப் பலகை இதைச் சோதிப்பதற்கும் பயன்பட்டது: 1.6 மீட்டர் உயரமுள்ள அந்தப் பலகையைக் கேமராவின் முன் நிறுத்தித் திரையில் எவ்வளவு உயரம் வருகிறது என்று அளப்பார்கள். பிறகு அதைச் சுழலவிட்டு, அசைவில் விவரம் எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 சுழற்சி என்பதால், கேமராவின் அமைப்புப் பட்டியலில் 60 என்று இருப்பதை மாற்றாமல் விட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். 1936இல் பிபிசி எடுத்த முடிவின் காரணம் இப்படி எல்.ஈ.டி. காலத்திலும் தொடர்கிறது. இந்தியாவில் பிரேம் வேகத்தையும் தொடும் உரிமைக் கேள்வி ஒன்று 2020இல் எழுந்தது: பதிவு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பது. அந்த ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தும் அன்றாடப் பதிவு தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் இரவுப் பார்வையும் கொண்ட கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவுகள் 18 மாதம், அவ்வளவு கொள்ளும் கருவி கிடைக்காவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமல், வைக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது.

ஒரு கேமராவின் பதிவு நொடிக்கு 2 மெகாபிட் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட், 18 மாதத்துக்குச் சற்றேறக்குறைய 12 டெராபைட். பத்துப் பதினைந்து கேமராக்கள் உள்ள நிலையத்தில் இது பெரிய தொகை. ஒப்பந்தக்காரர் முதலில் கைவைக்க நினைப்பது பிரேம் வேகத்தில்தான். மாதக்கணக்கில் காலத்தை நிர்ணயித்துவிட்டு எண்ணை மிச்சத்தில் விட்டுவிடும் பழைய டைம்லாப்ஸ் பொத்தானின் முறை இங்கே திரும்ப வரக்கூடும். நுழைவாயிலில் யார் வந்தார், எப்போது போனார் என்று அறிவதற்கு நொடிக்கு ஐந்தாறு பிரேம் போதும். நிறுத்தப்பட்ட வாகனங்களுக்கு இரண்டோ மூன்றோகூடப் போதும். விசாரணை அறையும் காவலறையின் முன்பகுதியும் அப்படிப்பட்டவை அல்ல. ஓர் அடி கையை ஓங்குவதில் இருந்து உடலில் விழுவது வரை கால் நொடிக்குள் முடிந்துவிடலாம். நொடிக்கு நான்கு பிரேம் என்றால் கை ஓங்கியது ஒரு படத்திலும், ஆள் குனிந்து நிற்பது அடுத்த படத்திலும் இருக்கும். தொட்ட கணம் எதிலும் இராது, விழுந்தாரா தள்ளப்பட்டாரா என்ற வாதத்துக்கு இடம் கிடைத்துவிடும். நொடிக்கு 12 முதல் 15 பிரேம் வைத்தால் அதே அசைவு மூன்று படங்களிலாவது பதியும். அந்த அறைகளில் உள்ள கேமராக்களுக்கு மட்டும் இந்த வேகத்தை வைப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு, கேமரா ஒன்றுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலையைத் தாண்டாது.